மறு: கார் ரேடியோ 'கோட்': தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் கார் ரேடியோ கேட்கிற திருட்டுத் தடுப்பு எண்ணுக்கு ('கோட்') நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்தவை களவுத் தடுப்புக் குறியீடு, மறையெண், கடவெண், திறப்பெண், மீட்பெண். அப்புறம் 'கோட் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று ஒரு நண்பர். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. பட்டியலில் எந்தச் சொல் ஏறினாலும் அதை வாடிக்கையாளரிடம் வாயால் சொல்லப்போகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண் செய்கிற வேலையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இழையில் அதைப் பற்றி ஆளுக்கொரு எண்ணம் ஓடுகிறது. கம்பெனியிலேயே பொருத்தி வரும் ரேடியோவுக்கு இரண்டு வயரில் 12 வோல்ட் போகும். ஒன்று சாவியைத் திருப்பினால் வருவது, இன்னொன்று வண்டி நின்றிருந்தாலும் இருப்பது. இந்த இரண்டாவது கரண்ட் அறுந்துவிட்டால் ரேடியோ தன்னைத் திருடிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளும். பேட்டரி செத்ததா, மெக்கானிக் கழற்றினாரா, ஃபியூஸ் போனதா, நிஜமாகவே எவனாவது உருவிக்கொண்டு போனானா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. திரும்பக் கரண்ட் வந்ததும் பாட்டு வராது, திரையில் ஆங்கில எழுத்தில் 'கோட்' என்றோ 'சேஃப்' என்றோ காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். அந்த ரேடியோவுக்கென்று தந்த எண்ணை, பெரும்பாலும் நாலு இலக்கம், ஹோண்டாவில் ஐந்து, ஒரு தடவை போட்டால் போதும். அடுத்து பேட்டரியைக் கழற்றுகிற வரைக்கும் அப்படி ஒரு எண் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் எண்ணை எழுதி வண்டியோடு தந்த அட்டையைத் தொலைக்கிறார்கள்.

இது ஏன் வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். 1980களிலும் 90களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார் கண்ணாடியை உடைத்து ரேடியோ திருடுவது பெரிய தொழிலாகவே நடந்தது. அப்போதைய ரேடியோக்கள் பெரும்பாலும் 180க்கு 50 மில்லிமீட்டர் பொந்தில் உட்காருகிற ஒரே அளவு, ஒரு வண்டியில் உருவியது இன்னொரு வண்டியில் அப்படியே பொருந்தும், விற்பதும் சுலபம். நியூயார்க்கில் 'ரேடியோ இல்லை' என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டு இறங்கிப் போவார்களாம். திருடினாலும் பாடாது என்று ஆக்கிவிட்டால் திருடன் தொடமாட்டான் என்ற கணக்கில் வந்ததுதான் இந்த எண். கொடைக்கானலில் கார் கண்ணாடிப் பக்கம் கை நீட்டுவது குரங்கு மட்டும்தான், அதற்கு வேண்டியதும் சிப்ஸ் பாக்கெட். ஆனாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் வண்டி வந்தபோது எண்ணும் கூடவே மலையேறிவிட்டது.

மலையில் இந்தத் தொல்லை கீழே இருப்பதைவிட அதிகம். டிசம்பர், ஜனவரியில் ஏரிப் பக்கம் விடியற்காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். குளிரில் பேட்டரி தருகிற கரண்ட் குறையும், அதே குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட்டர் கூடுதலாக இழுக்கும். போதாததற்குச் சீசனுக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகள். ஏப்ரலில் வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும். பேட்டரி மாற்றிக் கொடுப்போம், வண்டி கிளம்பும், அடுத்த நிமிஷம் போன் வரும்: "எல்லாம் சரியாயிருச்சுண்ணா, ரேடியோ மட்டும் கோட் கேக்குது." இந்த ஊர்க் குளிருக்கு ரேடியோவும் கோட் கேட்கிறதா என்று கடைப் பையன் சிரிப்பான். 'கோட்' என்றே விட்டுவிடலாம் என்கிற நண்பருக்கு என் பதிலும் அந்தச் சிரிப்புதான். அப்படி எழுதினால் சட்டைக்கு மேல் போடுகிற கோட், உகரம் சேர்த்தால் ஸ்கேல் வைத்துப் போடுகிற கோடு. பேச்சில் ஓடுகிறது, எழுத்தில் நொண்டுகிறது.

இனி ஒவ்வொன்றாக.

> களவுத் தடுப்புக் குறியீடு என்பதே பொருளை முழுமையாகத் தருகிறது.

தருகிறது ஐயா, மறுக்கவில்லை. விளக்க வரியில் தாராளமாக இருக்கட்டும். ஆனால் குறியீடு என்ற சொல் ஒரே வண்டியில் எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் வருவது பிழைக் குறியீடு. பெயிண்ட் வாங்கப் போனால் வண்ணக் குறியீடு. இவற்றையாவது சமாளிக்கலாம். ரேடியோவிலேயே இரண்டு இருக்கிறதே, அதுதான் உண்மையான சிக்கல்.

ரேடியோவைப் பொந்திலிருந்து உருவினால் உடம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் வரிசை எண். ரெனோ வண்டிகளில் ஒரு எழுத்தும் மூன்று இலக்கமும் சேர்ந்து நாலு இடத்துக்கு ஒரு குறி வரும். வண்டி உங்களுடையதுதான் என்று காட்டி அதைக் கம்பெனியிடம் சொன்னால், அதற்குரிய நாலு இலக்க எண்ணை எடுத்துத் தருவார்கள். இப்போது போனில் ஒருவரிடம் 'குறியீட்டைப் போடுங்க' என்று சொல்லுங்கள். ஸ்டிக்கரில் நாலு, ரேடியோ கேட்பதும் நாலு. அவர் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் போடுவார், எழுத்து வந்த இடத்தில் தானாக ஒரு இலக்கத்தை வைத்துக்கொள்வார். தப்பாகப் போட்டால் ரேடியோ சும்மா இருக்காது. பழைய ஃபோக்ஸ்வாகன் ரேடியோக்களில் இரண்டு தடவை தப்பினால் ஒரு மணி நேரம் ரேடியோவை ஆன் செய்தபடியே காத்துக் கிடக்க வேண்டும். ஹோண்டா பத்துத் தடவை வரை பொறுக்கும், அப்புறம் அங்கேயும் அதே ஒரு மணி நேரம். ஏற்கெனவே இளைத்துப்போன பேட்டரியில் அவ்வளவு நேரம் ஆன் செய்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் சார்ஜர் போட்டுவைக்காவிட்டால் பேட்டரி இறங்கி எல்லாம் முதலிலிருந்து.

ஆகவே ஸ்டிக்கரில் இருப்பதற்கு ஒரு பெயர், ரேடியோ கேட்பதற்கு ஒரு பெயர், போனில் இரைச்சலோடு கேட்டாலும் இரண்டும் வேறு என்று தெரியவேண்டும். என் ஒரே நிபந்தனை இதுதான். முதலாவதற்கு வரிசை எண் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. இரண்டாவதில் 'குறியீடு' வந்தால் குழப்பமும் கூடவே வரும்.

> மறையெண்: சுருக்கம், ரகசியம் என்ற பொருளும் கிடைக்கிறது.

கவிதைக்கு நல்ல சொல். பட்டறையில் மரை என்றால் போல்ட்டிலும் நட்டிலும் இருக்கிற சுற்று. மரை தேய்ந்தது, மரை ஏறமாட்டேன் என்கிறது, மரை கழண்ட கேஸ் என்று காலையிலிருந்து ராத்திரி வரை காதில் விழுகிற சொல். எழுதும்போது வல்லின றகரம் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம், எங்கள் பக்கம் வாயில் இரண்டும் ஒன்றுதான். 'மறையெண் என்ன' என்று கேட்டால் பையன் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு வந்து நிற்பான்.

> திறப்பெண்

யாழ்ப்பாணத்து அக்கா கோபிக்கக் கூடாது. ஈழத்தில் சாவியைத் திறப்பு என்பார்கள், அதனால் அவருக்கு இது இயல்பாக வந்திருக்கிறது. சாவி போர்த்துக்கீசியரோடு வந்தது, திறப்பு நம்முடையது என்று அவர் எழுதியதும் சரி. ஆனால் சேர்த்து எழுதியதும் உள்ளே ஒரு பெண் வந்து நின்றுவிடுகிறாளே. மீட்பெண்ணிலும் அவளேதான். கடை வாசலில் 'இங்கே மீட்பெண் கிடைக்கும்' என்று போர்டு வைத்தால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

> கடவெண்: கடவுச்சொல்லோடு ஒத்துப்போகும்.

இதுதான் கடுமையான போட்டி, இரண்டு நாள் இதன் பக்கமே இருந்தேன். ஆனால் கடவு என்றால் கடந்து போகிற வழி. கடவுச்சீட்டு, இலங்கையில் ரயில்வே கேட்டுக்குச் சொல்லும் கடவை, கடவுச்சொல் எல்லாமே ஒரு ஆள் உள்ளே போவதற்கான அனுமதியைச் சொல்பவை. கடவுச்சொல்லை நாமே வைப்போம், மறந்தால் மாற்றிக்கொள்வோம், அடுத்தவருக்குத் தெரிந்துவிட்டாலும் மாற்றிக்கொள்வோம். ரேடியோ எண்ணை வண்டிக்காரர் தேர்ந்தெடுப்பதில்லை, மாற்றவும் முடியாது, ரேடியோவோடு பிறந்தது. கடவெண் என்று பெயர் வைத்தால் 'பழசு மறந்துபோச்சு, புதுசா ஒண்ணு வச்சுக் குடுங்க' என்று வந்து நிற்பார்கள். இப்போதே அப்படித்தான் வருகிறார்கள், போன் பழக்கத்தில். அந்தச் சொல்லை ஏ.டி.எம். எண்ணுக்கும் போன் பூட்டுக்கும் விட்டுக்கொடுப்போம்.

என் பரிந்துரை: திறவெண். கதவு + அடைப்பு கதவடைப்பு ஆவதுபோல் திறவு + எண் திறவெண். புணர்ச்சி பற்றி இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கு உறுத்தவில்லை.

இதற்கு நான் காட்டும் காரணம் எங்கள் மாவட்டத்துச் சரக்கு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது (பாருங்கள், இங்கேயும் ஒரு குறியீடு). கையால் செய்கிற அந்தப் பூட்டில் சாவியும் பூட்டும் ஜோடியாகவே உருவாகும், உள்ளே இருக்கும் லீவருக்குத் தக்கபடி சாவிப் பல்லை அராவுவார்கள். சாவி தொலைந்தால் பூட்டிடம் புதுச் சாவி கேட்க முடியாது, செய்தவரிடமோ தெரிந்தவரிடமோ தூக்கிக்கொண்டு போகவேண்டும். ரேடியோ எண்ணும் அப்படியே நடந்துகொள்கிறது. ஆகவே அது சேர வேண்டிய இடம் திறவுகோல் வீடு, கடவுச்சொல் வீடு அல்ல. திறவெண், வரிசை எண் இரண்டையும் போனில் சொல்லிப் பாருங்கள், யாரும் ஒன்றை மற்றொன்றாகக் கேட்கமாட்டார்கள்.

'செத்துக்கொண்டிருக்கும் பொருளுக்குச் சொல் எதற்கு' என்றும் ஒரு கேள்வி வந்தது. புது வண்டிகளில் ரேடியோ தன் வண்டியை உள் வயரிங் வழியாகத் தானே அடையாளம் கண்டுகொள்கிறது, அதே வண்டியில் இருக்கும்வரை எதையும் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் மலையில் வண்டிகள் சீக்கிரம் சாவதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்ட் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. பூம்பாறையிலும் பண்ணைக்காட்டிலும் நாலாவது கை மாறி ஓடுகிற வண்டிகளில் இந்தக் கம்பெனிகளின் வண்டியும் உண்டு. மூன்று கை மாறிய வண்டியில் அட்டை எங்கே இருக்கும்? விவரம் தமிழில் எழுதியிருக்க வேண்டியது இவர்களுக்குத்தான்.

சொல் நிலைக்குமா என்று பேராசிரியர் ஐயா கவலைப்பட்டார். ஐயா, பண்பலை என்ற சொல் எப்படி நிலைத்தது? இந்த மலையிலிருந்து 100.5-ல் வருகிற நிலையத்தைக் கோடை பண்பலை என்று அறிவிப்பாளர்கள் நாள் முழுக்கச் சொல்கிறார்கள், மதுரைப் பக்கம் டீக்கடைக்காரரும் அப்படியே சொல்கிறார். மகிழுந்துவை யார் வாயால் சொல்கிறார்கள்? போலீஸ் செய்தியில் படிக்கிறோம், அவ்வளவுதான். அதனால் பட்டியலில் 'மகிழுந்து வானொலித் திறவெண்' என்று மூன்றையும் கோத்துவிடாதீர்கள், 'ரேடியோ திறவெண்' போதும்.

ரேடியோவுக்குள் இருக்கிற சிப்பைக் கழற்றி அதிலிருந்து எண்ணைப் படித்து எடுக்கிற வேலைக்கும் ஒருவர் சொல் கேட்டார். கள்ளச்சாவி என்று வேடிக்கையாகப் போட்டிருந்தீர்கள், வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தையும் ஆளையும் பார்த்துவிட்டுச் செய்தால் அது நேர்மையான வேலை, பார்க்காமல் செய்தால் எந்தப் பெயர் வைத்தாலும் திருட்டு. 'திறவெண் மீட்பு' என்று போடலாம்.

சொல் தாங்குகிறதா என்று பார்க்கக் கையேட்டுப் பக்கம் ஒன்றை எழுதிப் பார்த்தேன், பழைய ரெனோ ரேடியோவுக்கு:

"பேட்டரியைக் கழற்றும் முன் திறவெண் கையில் இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் கேள். வண்டியோடு வந்த புத்தகத்தில் அட்டையாகச் செருகியிருக்கலாம். இல்லையென்றால் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியிடம் திறவெண் வாங்கு. 1ஆம் பொத்தானை அமுக்க அமுக்க முதல் இலக்கம் ஏறும், 2ஆம் பொத்தானில் இரண்டாவது, இப்படி நாலும். சரிபார்த்தபின் 6ஆம் பொத்தானை பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடி. திறவெண் தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்காதே."

எனக்கு இடறவில்லை. கடைப் பையனிடம் படிக்கக் கொடுத்தேன், அவன் கேட்ட ஒரே கேள்வி பீப் கேட்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான், சொல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். தப்பாகப் போட்டபின் ரேடியோ எதையும் வாங்காமல் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குக் கதவடைப்பு என்று எழுதியிருந்தார்கள். அதைக் கேட்டால் மில் வாசலும் சிவப்புக் கொடியும்தான் நினைவுக்கு வருகிறது. 'காத்திருப்புப் பூட்டு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், இதைவிடச் சின்னதாக யாராவது சொன்னால் நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் திறவெண்ணைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அட்டை எப்படி இருக்கும் என்று காட்டப் படம் ஒன்று வேண்டும், யாரிடமாவது இருந்தால் எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.