ஆசிரியர் பணிக்காக வெளிநாடு புறப்படுமுன் விசுவாசம் தந்த திடன்: உங்கள் அனுபவங்கள்

சுண்ணக்கட்டி

ஒப்பந்தம் கையெழுத்தாகி, சான்றிதழ்களில் முத்திரை வாங்கி, விசாவும் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு நடுக்கம் தொடங்கியது. அதுவரை அலைச்சலில் பயப்பட நேரமில்லை. இடம் புதிது என்பதைவிட, தாய்மொழி அல்லாத ஒரு மொழியில், அதைப் பிறந்தது முதல் பேசிவரும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அறிவியல் நடத்த வேண்டுமே என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு ஆராதனையில் போதகர் எனக்காக ஜெபித்தார். பலர் கைகுலுக்கிச் சம்பளத்தையும் விடுமுறையையும் விசாரித்தார்கள். காது மந்தமான ஒரு பாட்டியம்மா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பயமாக இருக்கிறதா மகளே?" என்று கேட்டார். "இல்லை" என்று தலையையும் ஆட்டினேன். ஆலய வாசலில் நின்று சொன்ன பொய் அது. அவரோ என் பதிலைப் பொருட்படுத்தாமல், "மோசேக்கும் பேச வராது என்றுதான் பயம். கர்த்தர் கோபித்துக்கொண்டார், ஆனாலும் அவருக்காகப் பேச அண்ணன் ஆரோனைத் துணையாக அனுப்பினார்" என்று சொல்லிவிட்டுப் பிடியை விட்டார்.

அன்றிரவு பைபிளில் மோசேயின் கதை வரும் யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பலமுறை வாசித்தேன். "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்ற 10ஆம் வசனம் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் கர்த்தர் அந்த நாவைக் குணமாக்கினார் என்று அங்கே எங்கும் எழுதியிருக்கவில்லை என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. குறை அப்படியே இருக்கிறது, துணை மட்டும் வந்து சேர்கிறது. பல நாள்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். இருந்தாலும் அந்த "இல்லை" இன்றும் உறுத்துகிறது.

ஜன்னலோர இருக்கை

என்னுடையது சிறிய அனுபவம். இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு மூன்றாம் முறை கிடைத்தது; அத்தனை மாதங்களும் எரேமியா 29:11தான் என் வாக்குத்தத்த வசனம்; உங்கள்மேல் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்வது. குடியேற்றச் சோதனையில் அதிகாரி என் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியபோது, அந்த வசனம் வாயில் வராமல் 23ஆம் சங்கீதம் வந்தது. அதிலும் "என் பாத்திரம் நிரம்பி வழிகிறது" என்பதோடு நின்றுவிட்டது. ஆறே வசனங்கள் உள்ள சங்கீதம்! பிள்ளைகளுக்குச் செய்யுள் மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுக்கப் போகிறவன் கடைசி வசனத்தை மறந்து வரிசையில் நின்றேன். விமானம் மேலெழும்பிக் காது அடைத்த நொடியில், "நன்மையும் கிருபையும் என்னைத் தொடரும்" என்ற மிச்சம் தானாக வந்தது. முன்னால் போகும் என்று இல்லாமல் தொடரும் என்று இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டாம் மணி

நானும் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போனவன். போகுமுன் அதே வசனத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தவன். ஆகவே ஜன்னலோர இருக்கை அவர்களிடம் உரிமையோடு மறுக்கிறேன். அந்த வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம். வேலை கிடைக்கும், விசா கிடைக்கும் என்பதற்கான உத்தரவாதமாக எழுதப்பட்டதில்லை. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்னவன் 28ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா, அவன் பொய்த் தீர்க்கதரிசி. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும் என்று பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் வாழ்ந்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நீங்கள் போயிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றுதான் அந்த நிருபம் தொடங்குகிறது. எனக்குத் திடன் தந்தவை 5 முதல் 7 வரையிலான வசனங்கள். அவற்றை யாரும் வாழ்த்து அட்டையில் அச்சடிப்பதில்லை.

பழைய வருகைப் பதிவேடு

நான் கத்தோலிக்கன். புறப்படும் நாள் காலைத் திருப்பலியில் மனம் கல்லாக இருந்தது, எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை, ஆனாலும் போனேன். என் கதை அவ்வளவுதான்.

புதிதாகப் புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மனச்சமாதானம் வந்தால்தான் இறைவிருப்பம் என்று காத்திருக்காதீர்கள். பைபிளில் வரும் கிதியோன், கடவுள் சொன்னது நடக்குமா என்று அறிய ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு ஒரு முறைக்கு இரு முறை அடையாளம் கேட்டான். நாமும் அதையே செய்துவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கிறோம். மனம் வறண்டு கலங்கிய வேளையில் முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே என்பது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன். ஜெபம் செய்யுங்கள், கூடவே ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படியுங்கள்: வாரத்துக்கு எத்தனை பாடவேளை, பாதியில் விலகினால் என்ன ஆகும், திரும்பும் பயணச் செலவு யாருடையது என்று பாருங்கள். பாஸ்போர்ட்டை நிர்வாகத்திடம் ஒப்படைக்கச் சொன்னால் அங்கேயே கேள்வி கேளுங்கள். சில நாடுகளில் பிறருக்கு மதத்தைப் போதிப்பது சட்டப்படி குற்றம். வகுப்பறைக்குள் நீங்கள் ஆசிரியர் மட்டுமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். போய் இறங்கிய பிறகு தேடாமல், வழிபட எங்கே போவீர்கள் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். முதல் மூன்று மாதங்களின் தனிமை

சுண்ணக்கட்டி

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள் ஐயா; பதிவு பாதியில் அனுப்பப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தை நான் போகுமுன்பே படித்துவிட்டேன். நான் எழுதியது வேறொரு உறுத்தலைப் பற்றி.

முதல் நாள் வருகை எடுக்கும்போது மூன்றாவது பெயரிலேயே என் நாக்கு புரண்டது. வகுப்பு சிரிக்கத் தொடங்கியது. அந்தப் பெயருக்குரிய பையன் சிரிக்காமல், தன் பெயரை எனக்காக மெதுவாக இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை நான் சரியாகச் சொன்னேன். இவன்தான் ஆரோன் என்று சொல்ல வரவில்லை, ஆனால் மணிக்கட்டில் அந்தப் பிடி நினைவுக்கு வந்தது.

பாட்டியம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் அவருக்குக் கேட்காது, கடிதம் எழுதினால் வேறு யாராவதுதான் அவர் காதருகே சத்தமாக வாசிக்க வேண்டும். அப்படியானால் நான் பயந்தது சபை முழுவதற்கும் தெரிந்துவிடும். இரண்டு முறை எழுதத் தொடங்கிவிட்டேன். "அன்புள்ள பாட்டியம்மாவுக்கு" என்பதற்குக் கீழே இன்னும் ஒரு வரியும் வரவில்லை.