கரை ஒதுங்கிய டால்பின்: பழைய பதிவுகளில் நீளமும் பாலினமும் (மூவர் உரையாடல்)

கடலோரம்: மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கிய இந்தோ-பசிபிக் பாட்டில்நோஸ் டால்பின்களில் ஆண் பெரிதா, பெண் பெரிதா என்று பழைய பதிவுகளை வைத்துப் பார்க்கிறேன். சிலவற்றில் டேப்பை முதுகின் மேலேயே போட்டு அளந்திருக்கிறார்கள். பலவற்றில் பால் (ஆணா, பெண்ணா என்பது) குறிக்கப்படவில்லை. எதைத் தள்ளுவது?

அளவுகோல்: முதுகோடு அளந்ததைத் தனியாக வையுங்கள். கொழுத்த உடலில் வளைவு கூடும், பிழையும் கூடும். அதனால் ஒரே எண்ணைக் கழித்துச் சரிசெய்ய முடியாது. இனி அளப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: உடலை நேராகக் கிடத்தி, மேல்தாடை நுனிக்கு நேரே ஒரு குச்சி, வால் துடுப்பின் நடுப்பிளவுக்கு நேரே ஒரு குச்சி மணலில் நட்டு, இடைத்தூரத்தை எடுக்க வேண்டும். இந்த இனத்தில் கீழ்த்தாடை சற்று நீண்டிருக்கும். அங்கிருந்து தொடங்கக் கூடாது. வாலின் ஓர நுனி வரை அளப்பதும் தவறு. உடல் ஊதியிருந்தால் சுற்றளவை நம்பாதீர்கள்.

உடற்கூறு: பாலினம் அறிய மல்லாத்திப் பார்க்க வேண்டும். பெண்ணுக்குப் பிறப்புறுப்புப் பிளவும் ஆசனவாயும் ஏறக்குறைய ஒரே கோடாகத் தெரியும், இருபுறமும் முலைப்பிளவு. ஆணுக்கு இரண்டுக்கும் நடுவே தோல் இடைவெளி உண்டு. முலைப்பிளவு மட்டும் சான்றாகாது, சில ஆண்களுக்கும் சிறிதாக இருக்கும். அழுகி ஊதினால் ஆண்குறி வெளியே தள்ளிவிடும், யாரும் 'ஆண்' என்று எழுதிவிடுவார்கள். அதே நிலையில் உள்ள பெண் 'தெரியவில்லை' பட்டியலுக்குப் போகும். ஆகவே பழைய பதிவில் ஆண் விகிதம் கூடித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இனி ஒவ்வொரு உடலிலும் விரல்நகம் அளவு தோலை 95% எத்தனாலில் போட்டால் மரபணு வழியே பால் தெரியும். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதையும்.

கடலோரம்: பால் உறுதியானவற்றின் சராசரி நீளத்தை ஒப்பிட்டால் போதுமா?

அளவுகோல்: போதாது. ஒரு பக்கம் குட்டிகள் அதிகமிருந்தால் அதன் சராசரி தானாகவே இறங்கும். கீழ்த்தாடையின் நடுப்பல்லை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி வளர்ச்சி அடுக்குகளை எண்ணினால் வயது கிடைக்கும். பிறகு ஆண், பெண் இரண்டுக்கும் தனித்தனியே கோம்பர்ட்ஸ் வளைவு (வயதுக்கேற்ப நீளம் கூடி, பின் நின்றுபோவதைக் காட்டும் கணிதக் கோடு) பொருத்தி, நீளம் நின்றுபோகும் மட்டத்தை ஒப்பிடுங்கள். பல் இல்லையா? முதுகெலும்புகளின் முனைத்தட்டுகள் முழுதும் ஒட்டிப்போனவற்றை மட்டும் எடுங்கள், அவை வளர்ந்து முடிந்தவை. கங்கை டால்பினில் பெண்தான் பெரிது, விந்துத் திமிங்கிலத்தில் ஆண். அங்கெல்லாம் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இங்கே அது சிறியது. அளவீட்டுப் பிழையே அதை விழுங்கிவிடும்.

உடற்கூறு: ஒன்று விட்டுப்போனது. டால்பின்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பல்லோ தோலோ எடுக்கும் முன் வனத்துறை அனுமதி வாங்கிவிடுங்கள்.