ஹிவாரே பஜாரில் சாப்பிட்ட பாக்ரி (அனுபவப் பகிர்வு)

மானாவாரி:
மகாராஷ்டிராவில் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் இருக்கும் ஹிவாரே பஜார் கிராமத்துக்கு எங்கள் உழவர் குழுவோடு போயிருந்தேன். ஊராட்சித் தலைவராக இருந்து ஊரை மாற்றிய பொபட்ராவ் பவார், மழைநீரைப் பிடிக்க மலைச்சரிவில் வெட்டிய குழிகள், மதுவிலக்கு பற்றியெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன். மதியம் ஒரு விவசாயி வீட்டில் சாப்பாடு. கம்பு பாக்ரி (கம்பு மாவில் தட்டிய ரொட்டி), கடலைமாவில் கிண்டிய பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா. பாக்ரியைப் பிட்டு பிட்லாவில் போட்டுப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்: இந்த வருஷம் மழை குறைவு, கிராம சபையில் தண்ணீர்க் கணக்குப் பார்த்தோம், குடிக்கவும் மாட்டுக்கும் போக மிச்சம் போதாது, அதனால் பாதி நிலத்தைத் தரிசாக விட்டிருக்கிறேன்.

"கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதே, ராத்திரி யாரும் மோட்டார் போட்டுவிட மாட்டார்களா?" என்று கேட்டேன். மொழிபெயர்த்தவர் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. "அது ஊர்த் தண்ணீர் ஆச்சே" என்றார். எங்கள் பக்கம் என் கிணறு, என் கரண்ட் என்றுதான் பேச்சு. ஆயிரம் அடி தாண்டியும் போர் போடுகிறோம். அவர் முகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கொங்குக்காரன்:
இதற்கு அகமதுநகர் வரை போகணுமா அண்ணா? மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை இருக்கிறதே. 2006-லேயே 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கிய ஊராட்சி. நான் போனபோது ஒரு அம்மா அரிசிம்பருப்புச் சோறு போட்டு, மேலே நெய் ஊற்றினார். காற்றாலை எங்கே என்றேன். "அது உடுமலைப் பக்கம் சுத்துதுங்க, காசு இங்க வருதுங்க" என்றார். ஊராட்சி வங்கியில் கடன் வாங்கித் தொழில் செய்வது சின்ன விஷயமா? நம் ஊர்க்காரர்கள் செய்ததை நாமே பேசாவிட்டால் எப்படி?

சாமைச்சோறு:
ஜவ்வாது மலையில் ஒரு வீட்டில் எங்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் சாமைச் சோறும் போட்டார்கள். நாங்கள் எழுந்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். சட்டியில் குழம்பு மட்டும்தான் மிச்சம்.

இனி இப்படி ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எத்தனை பேர் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சாப்பாட்டுக்குக் காசு கொடுங்கள். வாங்க மறுத்தால் மகளிர் குழுவில் கட்டுங்கள். கறி வேண்டாம், வீட்டில் அன்றைக்கு ஆக்குவது போதும் என்று அழுத்திச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். மழை முடிந்த கையோடு போகாதீர்கள், எந்த ஊரும் அப்போது பச்சையாகத்தான் இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள், நிலமில்லாதவர் வீட்டுக்கும் போங்கள். அப்புறம், கம்பு சிலருக்குச் சூடு என்பார்கள், மோர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானாவாரி:
கொங்குக்காரன் தம்பி, ஓடந்துறையை நானும் மதிக்கிறேன். ஆனால் கடனை ஊராட்சி ஒரே தீர்மானத்தில் வாங்கிவிடலாம். மோட்டாரை நிறுத்துவது வீட்டுக்கு வீடு நடக்க வேண்டிய காரியம். பாசனத்துக்கு போர் கூடாது, கரும்பு கூடாது என்று ஹிவாரே பஜாரில் ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் அப்படி ஒப்புக்கொண்ட ஊர் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த கோடையில் போகிறேன்.