ரன்-பிளாட்டையே தொடரலாமா, சாதா டயருக்கு மாறலாமா? (320டி எஃப்30, 225/45 ஆர்18)

நெல்லை_டீசல்:

வணக்கம். வண்டி பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் 320டி, எஃப்30 மாடல். நாலு சக்கரத்திலும் 225/45 ஆர்18 (அகலம் 225 மி.மீ., சைடுவால் எனும் பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 18 இன்ச்) ரன்-பிளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர். பட்டன் (சாலையில் படும் ரப்பர் வரிகள்) 2 மி.மீ.க்குத் தேய்ந்துவிட்டதால் நாலையும் சேர்த்து மாற்ற வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி இல்லை, அது உட்காரப் பள்ளமும் இல்லை.

மாதம் இரண்டு முறை சென்னை–திருநெல்வேலி, பெரும்பாலும் இரவில். அப்பா அம்மாவும் கூட வருவார்கள். மற்ற நாட்களில் சென்னைக்குள்தான். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளும் வேகத்தடைகளும் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். சாதா டயர் போட்டால் ஓட்டம் மெத்தென்று இருக்கும், செலவும் குறையும் என்கிறார்கள். ஆனால் ஸ்டெப்னியும் இல்லாமல், ரன்-பிளாட்டும் இல்லாமல் விழுப்புரம் தாண்டி ராத்திரி ஒரு மணிக்கு டயர் போனால் என்ன செய்வது? பஞ்சரான ரன்-பிளாட்டை ஒட்டலாமா என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு பதில் வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காத்தழுத்தம்:

ரன்-பிளாட்டின் சைடுவாலுக்குள் தடிமனான கடின ரப்பர் பட்டை ஒன்று வார்த்திருக்கும். காற்று மொத்தமும் போனாலும் வண்டியின் எடையை அந்தப் பட்டை தாங்கிக்கொள்ளும். உங்கள் ரிம்மும் இதற்கென்றே செய்தது. டயரின் விளிம்பு நழுவி உள்ளே விழாதபடி ரிம்மில் ஒரு மேடு உயர்த்தி வைத்திருப்பார்கள். அதனால் 100 கி.மீ. வேகத்தில் காற்று சட்டென்று போனாலும் டயர் ரிம்மை விட்டுக் கழலாது, ஸ்டீயரிங் கையை மீறாது. இரவில், வயதானவர்களோடு நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்குப் பக்கத்தில் ஜாக்கி போட வேண்டியதில்லை. ரன்-பிளாட்டுக்கு ஆதரவாக எத்தனை காரணம் சொன்னாலும் எனக்கு இதுதான் முதல் காரணம்.

இனி, காற்று போன ரன்-பிளாட்டில் "80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம்" ஓடலாம் என்று சொல்லும் கணக்கு. உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். ஒரு கி.மீ.க்கு 480 சுற்றுக்கு மேல், 80 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட 39,000 சுற்று. காற்றில்லாத சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் பிறக்கும் சூடுதான் டயரைக் கொல்கிறது. வேகம் கூடினாலும், பாரம் கூடினாலும், மே மாதத் தார்ச்சாலையானாலும் சூடு கூடும், தூரம் குறையும். முந்தைய இ90 3 சீரிஸின் கையேட்டில் இது பாரத்தை வைத்தே பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது: ஓரிருவர் மட்டும் என்றால் 250 கி.மீ., நடுத்தர பாரத்துக்கு 150, முழு பாரத்துக்கு 50. எண்கள் டயருக்கு டயர் மாறும். ஆனால் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருக்கும்போது 80-ஐ நம்பக் கூடாது.

உளுந்தூர்பேட்டையில் காற்று போனால் விழுப்புரத்துக்குத் திரும்ப 40 கி.மீ.க்குள்தான். திருச்சிக்கு நூறு கி.மீ.க்கு மேல். ஆக ரன்-பிளாட் உங்களை வெளிச்சமும் லாட்ஜும் உள்ள ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அந்த ஊர்க் கடையில் 225/45 ஆர்18 ரன்-பிளாட் இருப்பில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆர்டர் போட்டு வரவழைக்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம். இந்தப் பாதியைப் பலர் சொல்வதில்லை.

ஒட்டுவது பற்றி: தயாரிப்பாளர்களிடையே ஒரே விதி கிடையாது. சிலர் ஒட்டவே வேண்டாம் என்கிறார்கள், சிலர் நிபந்தனையோடு அனுமதிக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டீர்கள், காற்று முழுதாக இறங்கவில்லை, ஆணி பட்டன் பகுதியின் நடுவில் இருக்கிறது, ஓட்டை 6 மி.மீ.க்கு மேல் இல்லை என்றால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் வெளியிலிருந்து ஸ்ட்ரிப் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி) குத்துவதோடு விடக் கூடாது. டயரைக் கழற்றி, உள்பக்கம் பார்த்து, உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட வேண்டும்.

கழற்றியதும் முதலில் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். டீத்தூள் மாதிரி கறுப்பு ரப்பர் பொடி விரலில் ஒட்டினால் அந்த டயர் முடிந்தது. சைடுவாலின் உட்புறத்தில் வட்டமாகச் சுருக்கக் கோடு ஓடினாலும், ரப்பர் நீலம் பாய்ந்து பளபளத்தாலும் அதே முடிவுதான். வெளியே புது டயர் போலவே தெரியும், அதுதான் ஆபத்து. காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று. "ஓட்டம் கடினமாக இருக்கிறது, 4 பிஎஸ்ஐ குறைத்து வையுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குறைந்த காற்றில் ஓடும் ரன்-பிளாட் உள்ளுக்குள் மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். பிறகு நிஜமாகவே காற்று போகும் நாளில் 80 கி.மீ. தாங்காது. கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அதுதான் அளவு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்கள்.

மூணாவது_கியர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா அதே வாதத்தை வெச்சே சாதா டயர் பக்கம் நிக்கலாம்.

ரன்-பிளாட் போட்டா ஒரு டயர் போனதும் அநேகமா புது டயர் செலவு. சாதா டயர்ல ஆணி ஏறினா மஷ்ரூம் பேட்ச் போட்டுட்டு அதே டயர்ல தேயுற வரைக்கும் ஓடலாம். ரன்-பிளாட் விலையும் அதே கம்பெனி, அதே சைஸ் சாதா டயரைவிட நல்லாவே கூட. சில சைஸ்ல ஒன்றரை மடங்கு வரைக்கும் போகுது. எடையும் கூட. அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடயே சேர்ந்து குதிக்கிறதால, சின்ன ஒட்டுப்போட்ட ரோட்டுலகூட "டக் டக்"னு உள்ளே கேக்கும்.

ஆனா மாறுறதுன்னா இதைத் தெரிஞ்சு மாறணும். சாதா டயரும் பஞ்சர் கிட்டும் இருந்தா போதும்னு சொல்றவங்க ஒண்ணை மறந்துடறாங்க. சீலன்ட் (உள்ளே ஊத்தி ஓட்டையை அடைக்கிற திரவம்), ஸ்ட்ரிப் ரெண்டும் பட்டன்ல விழுந்த ஆணி ஓட்டைக்குத்தான். நம்ம ஊர்ல குழிக்குள்ள இறங்கி, ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவுல சைடுவால் மாட்டிக் கிழியுதே, அதுக்கு எந்தக் கிட்டும் உதவாது. அந்த இடத்துல ரன்-பிளாட் நகரும், சாதா டயர் நகராது. அதனால நீங்க சாதாவுக்குப் போனா ஸ்டெப்னி கண்டிப்பா வேணும்.

சட்டம் கேட்டா: 2020 ஜூலைல மோட்டார் வாகன விதியைத் திருத்தினாங்க. 3.5 டன்னுக்குள்ள இருக்கிற கார்ல டியூப்லெஸ் டயர், டயர் அழுத்தம் காட்டுற கருவி, பஞ்சர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்லை. போலீஸ் கேக்க மாட்டாங்கங்கிறது வேற, ராத்திரி ரோட்டுல நிக்கிறது வேற.

ரெண்டு ரன்-பிளாட், ரெண்டு சாதான்னு கலக்காதீங்க. சைடுவால் கடினம் வேற வேறயா இருந்தா திருப்பத்துலயும் திடீர் பிரேக்லயும் முன்னும் பின்னும் வேற மாதிரி நடந்துக்கும். நாலும் ஒரே வகை, ஒரே மாடல்.

ரிம்_பட்டறை:

ரிம் பக்கமும் யோசியுங்கள். கடின சைடுவால் அடியை உறிஞ்சாமல் ரிம்முக்கு அனுப்பிவிடும். 18 இன்ச்சில் சைடுவால் உயரமே 101 மி.மீ.தான். வளைவதும் விரிசல் விடுவதும் பெரும்பாலும் ரிம்மின் உள்பக்க விளிம்பில், வெளியே நின்று பார்த்தால் தெரியாத இடத்தில். வாரம் ஒரு முறை ஒரே சக்கரத்தில் 3, 4 பிஎஸ்ஐ குறைகிறது, டயரில் ஆணி இல்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி வருகிற இடத்தில் முடி அளவு விரிசல் இருக்கும். வளைவை நிமிர்த்தலாம், விரிசலுக்கு வெல்டிங் வைத்து நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது 17 இன்ச். 225/50 ஆர்17 இந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு. மொத்த விட்டம் 657 மி.மீ., உங்கள் 18 இன்ச்சுக்கு 660. ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் தெரியாது. ஆனால் சைடுவால் 112 மி.மீ. ஆகிறது. அந்த 11 மி.மீ. ரப்பர் சென்னைச் சாலையில் உங்கள் ரிம்மைக் காப்பாற்றும். ரன்-பிளாட்டாக இருந்தாலும் சரி, சாதாவாக இருந்தாலும் சரி, 17-ல் ஓட்டம் மெத்தென்று மாறும். 225/55 போடச் சொல்வார்கள், வேண்டாம். விட்டம் 3 சதவீதம் ஏறிவிடும்.

ரிம் வாங்கும்போது 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 37, போல்ட் வட்டம் 5x120 (5 போல்ட், 120 மி.மீ. வட்டத்தில்), நடுத்துளை 72.6 மி.மீ. பழைய ரிம் தேடினால் ஜி20-யின் ரிம்மை எடுத்துவிடாதீர்கள். அதுவும் 3 சீரிஸ்தான், ஆனால் 5x112. உங்கள் ஹப்பில் உட்காராது. பெரிய எம் ஸ்போர்ட் பிரேக் இருந்தால் 17 ஏறாது, காலிப்பர் இடிக்கும்.

நெல்லை_டீசல்:

மூவருக்கும் நன்றி. பிரேக் சாதாரணதுதான். 17 இன்ச் சாதா டயர், டிக்கியில் ஒரு ஒல்லி ஸ்டெப்னி என்று யோசிக்கிறேன். ஸ்டெப்னிக்கு எந்த அளவு, எங்கே கட்டுவது, டயர் மாட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்? இருக்கிற ரன்-பிளாட் ரிம்மில் சாதா டயர் ஏறுமா என்பதும் ஒரு சந்தேகம்.

காத்தழுத்தம்:

ஏறும். ரன்-பிளாட் ரிம்மில் சாதா டயர் போடலாம், அந்த மேடு தொந்தரவு செய்யாது. தலைகீழாக, சாதா ரிம்மில் ரன்-பிளாட் போடுவதுதான் கூடாது. காற்று போனதும் விளிம்பு கழலும்.

உங்கள் தேவைக்கு இந்த முடிவு பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: இரவு ஒரு மணிக்கு ஜாக்கி போட உங்களால் முடிய வேண்டும். நீங்கள் இல்லாமல் பெற்றோர் மட்டும் டிரைவரோடு போகும் நாட்கள் உண்டென்றால் 17 இன்ச் ரன்-பிளாட்டே போடுங்கள். நான் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்டெப்னிக்கு டி135/80 ஆர்17 பாருங்கள். விட்டம் 648 மி.மீ., உங்கள் சக்கரத்துக்கு மிக நெருக்கம். 125/80 என்றால் 632 ஆகிவிடும். பின்சக்கரத்தில் அதை மாட்டினால் இரண்டு பக்கமும் வேறு வேறு சுற்று, டிஃபரென்ஷியல் (இரு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) ஓயாமல் வேலை செய்யும். காற்று 60 பிஎஸ்ஐ, 4.2 பார். வருடக்கணக்கில் கிடந்து காற்றிறங்கிய ஸ்டெப்னியால் பயனில்லை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து நிரப்புங்கள். மாட்டிய பிறகு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். வாங்கும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு முறை முன்சக்கரத்தில் மாட்டி, காலிப்பரில் இடிக்காமல் கையால் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டிக்கியில் பை போட்டு படுக்க வைத்து, தரையில் உள்ள கொக்கிகளில் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத சக்கரம் திடீர் பிரேக்கில் பின்சீட்டின் முதுகில் வந்து மோதும், அங்கே உட்கார்ந்திருப்பது உங்கள் பெற்றோர்.

எஃப்30-ல் நட் கிடையாது, போல்ட்தான்: எம்14, புரி 1.25. சக்கரத்தைத் தூக்கித் துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டே போல்ட் போட வேண்டும், இருட்டில் அது பெரிய பாடு. அதே புரியில் ஒரு வழிகாட்டிக் கம்பி வாங்கி, மேல் துளையில் திருகிவிட்டுச் சக்கரத்தை அதில் தொங்கவிட்டால் ஒரு கையிலேயே முடியும். இறுக்கம் 140 நியூட்டன் மீட்டர். லாக் போல்ட் இருந்தால் அதன் சாவியும் ஜாக்கியோடு அதே பையில் இருக்கட்டும்.

டயர் கடையில்: 94டபிள்யூ (டயர் தாங்கும் பாரத்தையும் வேகத்தையும் காட்டும் குறியீடு) குறைந்தபட்சம், எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் வகை) 98 கிடைத்தால் குழிக்கு இன்னும் நல்லது. தயாரிப்பு வாரம் பாருங்கள். நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பழைய ரன்-பிளாட்டைக் கழற்ற உதவிக் கை உள்ள மெஷின் வேண்டும். அந்தக் கடின விளிம்பைக் கடப்பாரையால் நெம்பினால் ரிம் கீறும். உங்கள் வண்டியில் சக்கரத்துக்குள் சென்சார் இருந்தால், விளிம்பை அமுக்கும்போது வால்வுக்கு எதிர்ப்புறத்தில் அமுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உடைவது சென்சார்தான். புது ரிம்முக்கு அந்தச் சென்சார்களும் மாற வேண்டும், விலை பேசும்போது சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியில் பேலன்சிங், அலைன்மென்ட். காற்றை ஸ்டிக்கர்படி வைத்த பிறகு ஐடிரைவில் (வண்டியின் திரை மெனு) டயர் அழுத்தத்தை ரீசெட் செய்யுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால் பழைய சக்கரத்தின் கணக்கையே வண்டி வைத்திருக்கும், எச்சரிக்கை சரியாக வராது.

மூணாவது_கியர்:

கூட ரெண்டு சாமான்: 12 வோல்ட் கம்ப்ரசர், ஸ்ட்ரிப் கிட். ஆணி மட்டும்னா அதை வெச்சே ஊர் போய்ச் சேரலாம், ஒல்லி ஸ்டெப்னியைத் தொடவே வேணாம். ஊர் போனதும் அந்த ஸ்ட்ரிப்பை எடுத்துட்டு உள்ளிருந்து மஷ்ரூம் போட்டுக்கோங்க.