மஸ்டாங்கில் டிரிம் அமைப்பது எப்படி?

கேள்வி: டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமான சிமுலேட்டர் விளையாட்டில் பி-51டி மஸ்டாங் போர் விமானத்தை ஓட்டும்போது, வேகம் கூடக்கூட மூக்கு மேலெழுவதோடு விமானம் பக்கவாட்டிலும் சறுக்குவதால், ஜாய்ஸ்டிக்கை ஓயாமல் அழுத்திப் பிடித்துக் கை வலிக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: ஜாய்ஸ்டிக்கில் கோளாறு இல்லை. மஸ்டாங்கில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), ரடர் (மூக்கை இடம் வலம் திருப்புவது), ஐலரான் (இறக்கைகளைச் சாய்ப்பது) மூன்றுக்கும் டிரிம், அதாவது ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலே விமானத்தை நிலையாக வைக்கும் திருத்தம், உண்டு. தனித்தனிப் பொத்தான்களில் அமைத்துக்கொள்ளுங்கள். வேகம் நிலைப்பட்டதும், மூக்கை அசையாமல் நிறுத்தியபடியே டிரிம்மைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அதற்கேற்ப ஸ்டிக்கை நடுவுக்குத் தளர்த்துங்கள். உண்மை விமானத்தில் கையழுத்தம் குறைவதை விமானி உணர்வார். நம் ஸ்பிரிங் ஸ்டிக் அதைக் காட்டாது என்பதுதான் சிக்கல்.

பதில் 2: விளையாட்டின் ஜாய்ஸ்டிக் அமைப்பில் கர்வேச்சரை (நடுப்பகுதி அசைவை மென்மையாக்குவது) 15 அளவில் வைத்தால் குறிபார்ப்பது எளிதாகும். டெட்சோனை (நடுவில் சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாத பகுதி), ஸ்டிக் நடுவில் நடுங்கினால் மட்டும் வையுங்கள்.

பதில் 3: ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு மாறினால் இந்த மூன்று டிரிம் வசதியை எதிர்பார்க்காதீர்கள். அதில் பறக்கும்போது கிடைமட்ட வால்தளத்தை மட்டுமே திருத்த முடியும். மற்றவற்றைத் தரையில்தான் சரிசெய்வார்கள்.