புதுப்பிப்பு: ஆக்சாலிக் அமிலம் கொடுத்தும் போகாத வர்ரோவா உண்ணி

சிறகு சுருங்கிய தேனீக்கள் பெட்டி வாசலில் ஊர்கின்றன, ஆக்சாலிக் அமிலம் கொடுத்தும் வர்ரோவா என்ற, தேனீயில் ஒட்டி வாழும் உண்ணி திரும்பத் திரும்ப வருகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெட்டி பிழைத்துவிட்டது.

பலன் தந்தது, ராணியைக் கூண்டில் அடைக்கச் சொன்ன யோசனைதான். அந்த அமிலம் தேனீயின் உடலில் ஒட்டியிருக்கும் உண்ணியை மட்டுமே கொல்லும். இளம் தேனீ வளரும், மெழுகு மூடிய அறைக்குள் பெருகிக்கொண்டிருப்பவை தப்பிவிடும். கூண்டில் இருக்கும் ராணியால் அறைகளில் முட்டையிட முடியாது; முன்பே இட்டவை தேனீயாகி வெளிவந்ததும் மூடிய அறையே இருக்காது. முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர 21 நாள், ஆண் தேனீக்கு 24. ஆகவே ராணியை 24 நாள் அடைத்தேன். மூடிய அறை ஒன்றுகூட மிச்சமில்லை என்று பார்த்த பிறகே மருந்து.

முன்பு 300 தேனீக்களைச் சர்க்கரைப் பொடியில் குலுக்கியபோது 14 உண்ணிகள் உதிர்ந்தன, ஏறக்குறைய 5 சதவீதம். இப்போது உதிர்ந்தவை 2. (பொடி எண்ணத்தான் உதவும், தூவி ஒழிக்க முடியாது.) ஃபார்மிக் அமிலம் மூடிய அறைக்குள்ளும் போகும், ஆனால் வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் ராணிக்கே ஆபத்து. அதனால் அதைத் தொடவில்லை.

எதிர்பாராதது இரண்டு. ராணி கூண்டுக்குள் உயிரோடு இருந்தும் தேனீக்கள் புது ராணியை வளர்க்க அவசர ராணி அறைகள் கட்டின. தேடித்தேடிப் பிய்க்க வேண்டியிருந்தது. அப்புறம், பக்கத்தில் அழிந்துபோன ஒரு கூட்டின் தேனைத் திருடப் போன என் இன்னொரு பெட்டித் தேனீக்கள், அங்கிருந்த உண்ணியையும் சுமந்து வந்துவிட்டன. அந்தப் பெட்டி ராணி இப்போது கூண்டில்.