கம்ப்யூட்டரை மற்ற மொழிக்காரர்கள் என்னவென்று சொல்கிறார்கள்?

வடலூர்_வாத்தியார் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்குக் கணினி பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் எழுந்து, "சார், உலகம் பூரா கம்ப்யூட்டர்னுதானே சொல்றாங்க, நாம மட்டும் எதுக்குக் கணினின்னு தனியா ஒரு பேர் வச்சிருக்கோம்?" என்று கேட்டாள். நானும் யோசிக்காமல் "ஆமாம்மா, பெரும்பாலும் எல்லா ஊரிலும் கம்ப்யூட்டர்தான்" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி சந்தேகம் வந்து தேடிப் பார்த்தால், பிரெஞ்சில் ஒன்று, சீனத்தில் ஒன்று, துருக்கியில் ஒன்று, பின்லாந்தில் ஒன்று. நாற்பது பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனே என்று உறுத்துகிறது. திங்கட்கிழமை திருத்திச் சொல்லியாக வேண்டும்.

வெறும் பட்டியல் வேண்டாம், அது தேடினால் கிடைக்கிறது. அந்தச் சொல்லுக்கு அந்த மொழியில் என்ன பொருள், எப்படி வந்தது, ஜனங்கள் வாயில் உண்மையிலேயே புழங்குகிறதா அல்லது பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டதா, இதுதான் எனக்கு வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.

பனங்கூடல் எழுதியது:

வணக்கம் சேர். நான் யாழ்ப்பாணம், பாரிசுக்கு வந்து இருபத்து மூன்று வருடமாகிறது. இங்கே ஒர்தினாத்தர் என்றுதான் சொல்வார்கள். கடையில், பள்ளிக்கூடத்தில், வீட்டில், எல்லா இடத்திலும் அதுதான். என் பிள்ளைகளுக்கு அது யாரோ உருவாக்கிய சொல் என்பதே தெரியாது, அவ்வளவுக்கு ஊறிப்போய்விட்டது.

இதற்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது. 1955இல் ஐபிஎம் கம்பனி தன்னுடைய புது இயந்திரத்தைப் பிரான்சில் விற்க ஆயத்தமானபோது அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் தேடினார்கள். கணக்கிடுகிறது என்ற பொருளில் கல்குலாத்தர் என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. ஆனால் இந்த இயந்திரம் செய்யும் வேலைக்கு அது போதாது என்று நினைத்தார்கள். அங்கே விளம்பரப் பிரிவில் இருந்த பிரான்சுவா ஜிரார் என்பவர், தனக்குப் படிப்பித்த ஜாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியரைக் கேட்கச் செய்தார். பெரே 1955 ஏப்ரல் 16 அன்று பதில் எழுதினார். ஒர்தினாத்தர் என்று வைத்தால் என்ன, அது பழைய அகராதியில் உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கும் அடைமொழியாகவே இருக்கிறது என்று. குருப்பட்டம் கொடுக்கிற தேவாலயச் சடங்குக்கும் இதே வேரில் இருந்து வந்த சொல்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு துறையும் தூரம் என்பதால் குழப்பம் வராது என்றும் அவரே யோசித்து எழுதியிருக்கிறார். அவருக்கு உண்மையில் பிடித்தது பெண்பாலில் ஒர்தினாத்ரிஸ் என்பது. கம்பனி ஆண்பாலை எடுத்துக்கொண்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கணக்கு என்ற எண்ணமே அந்தச் சொல்லில் இல்லை என்பது. ஒழுங்குபடுத்துவது, அடுக்கி வைப்பது, அவ்வளவுதான். பிரெஞ்சைப் பார்த்து ஸ்பெயின்காரரும் ஒர்தெனதோர் என்றார்கள். ஆனால் அதே ஸ்பானிய மொழி பேசுகிற மெக்சிகோவில் கொம்புத்தாதோரா, சிலியில் கொம்புத்ததோர். அமெரிக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் வழியாகவும், பிரான்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிரெஞ்சு வழியாகவும் போயிருக்கிறது. நாங்கள் ஊரில் கணணி என்று எழுதுவதும் நீங்கள் கணினி என்று எழுதுவதும் ஞாபகத்துக்கு வந்தது.

வடதுருவம் எழுதியது:

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறேன். சுவீடிஷில் டாட்டோர். பெர்யே லாங்கெஃபோர்ஸ் என்ற பேராசிரியர் 1968இல் முன்வைத்த சொல். அதற்கு முன்னால் டாட்டாமஷீன் என்றார்கள், பக்கத்தில் நார்வேக்காரர்கள் இன்றைக்கும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள். டாட்டா என்ற சொல்லோடு டாக்டர், டிராக்டரில் வருகிற அந்தக் கடைசி விகுதியைச் சேர்த்தார், சுருக்கமாக இருந்தது, சுவீடிஷ் வாய்க்குப் பன்மை போடவும் சுலபமாக வந்தது, ஒட்டிக்கொண்டது. பின்லாந்தில் தியெத்தோகோனெ. தியெத்தோ என்றால் அறிவு, தகவல். கோனெ என்றால் இயந்திரம். சார், உங்கள் பிள்ளைகள் சென்னைப் பக்கம் போனால் லிப்டில் கோனெ என்று ஆங்கில எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனி பின்லாந்துக்காரர்களுடையது, பெயருக்கு அர்த்தம் வெறும் இயந்திரம்தான்.

ஆனால் நான் எழுத வந்ததே ஐஸ்லாந்துக்காக. என் பக்கத்து மேசையில் ஒரு ஐஸ்லாந்துக்காரர் இருக்கிறார், ஒருநாள் மத்தியான சாப்பாட்டின்போது சொன்னார், அன்றிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை. அவர்கள் சொல் தொல்வா. தாலா என்றால் எண். வொல்வா என்றால் வருவதைச் சொல்லும் பெண், அவர்களுடைய பழைய பாடல்களில் வரும் குறிசொல்லி. இரண்டையும் இணைத்து எண்களைக் கொண்டு குறி சொல்லுகிறவள் என்று 1965இல் சிகுர்துர் நோர்தால் என்ற அறிஞர் வைத்தார். ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததே 1964இல்தான். அதாவது பெட்டி வந்து இறங்கி ஒரு வருஷத்துக்குள் பெயர் வைத்துவிட்டார்கள், ஜனங்கள் வேறு ஒரு சொல்லுக்குப் பழகுவதற்கு முன்பே. இப்போதும் நிறையப் பேர் பேச்சில் தால்வா என்று கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்களாம், பள்ளியில் திருத்துவார்களாம். ஆங்கிலச் சொல்லை யாரும் சொல்வதில்லை. மொத்த நாட்டிலும் நாலு லட்சம் பேர்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது நம் சொல்லுக்கு வாருங்கள். கணி என்றால் கணக்கிடு என்று மட்டுமா பொருள்? கணிப்பது என்றால் வரப்போவதைச் சொல்வதும்தானே. ஜாதகம் கணிக்கிறோம், மழையைக் கணிக்கிறோம். கணியன் என்றால் சோதிடம் அறிந்தவன், கணியன் பூங்குன்றனார் பெயரிலேயே இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் இரண்டு சொல்லைச் சேர்த்துக் கொண்டுவந்த பொருள் நமக்கு ஒரே வினையில் ஏற்கெனவே இருக்கிறது. இதை அந்தப் பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள் சார்.

கடற்காகம் எழுதியது:

மேலே எழுதியவர்கள் அருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் பிள்ளைகளுக்கு மறுபடியும் தப்பாகப் போய்விடும். இரவல் வாங்கிய மொழிகளும் நிறைய இருக்கின்றன. போலந்தில் கொம்புத்தெர். ரஷ்யாவில் சோவியத் காலம் முழுக்க அதிகாரப்பூர்வமாக ஏவேஏம் என்றார்கள், மின்னணுக் கணக்கு இயந்திரம் என்பதன் மூன்று முதலெழுத்து. அரசாங்கமே புழக்கத்தில் வைத்திருந்த சொல், ஆனால் மேசைமேல் வைக்கிற சின்னப் பெட்டிகள் வந்த பிறகு பேச்சில் கொம்ப்யூத்தர் அதை ஓரம் கட்டிவிட்டது. ஜப்பானிலும் அதே மாதிரி, தென்ஷி கெய்சான்கி என்ற நீளமான சொல் இருந்தது, இப்போது கொன்ப்யூட்டா. வீட்டில் இருப்பது பாசொகொன், பர்சனல் கம்ப்யூட்டர் என்பதில் முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் வெட்டி ஒட்டியது. இதனால் ஜப்பானிய மொழி கெட்டுப்போய்விட்டதா? இல்லையே. அரசாங்க முத்திரை இருந்தால் சொல் நிலைக்கும் என்று நம்புகிறவர்கள் ரஷ்யாவைப் பார்க்க வேண்டும்.

நான் பத்து வருஷம் ஜித்தாவில் இருந்தேன். சவூதியில் பள்ளிப் புத்தகத்தில் ஹாஸிப் ஆலி, தானாகக் கணக்குப் பார்ப்பது என்று பொருள். வேறு இடங்களில் ஹாஸூப் என்றும் எழுதுவார்கள். ஆனால் கடைக்குப் போனால் கொம்பியூத்தர்தான். அரபியில் ப ஒலி வல்லினமாக வராது, அதனால் ஆங்கிலச் சொல்லும் அவர்கள் வாயில் கொஞ்சம் வளைந்துதான் வரும். நம் ஊர் நிலைமைக்கு எனக்குத் தெரிந்து மிகவும் கிட்டே இருப்பது இதுதான், எழுதுவதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று. ஹாஸூப், இந்தியில் சொல்கிற ஹிஸாப், இரண்டும் ஒரே வேர். எபிரேயத்தில் மக்ஷேவ் என்கிறார்கள், அதுவும் அந்த வேருக்கு உறவு, ஆனால் அங்கே அந்த வேருக்கு யோசிப்பது என்ற பொருளும் உண்டு. பாரசீகத்தில் ராயானே. அது ஒழுங்குபடுத்துவது என்ற பழைய வினையிலிருந்து எடுத்தது. பாரிஸ் அண்ணன் சொன்ன பிரெஞ்சுக் கதையும் இதுவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

தைபே_மாணவன் எழுதியது:

ஐயா, தைவானில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். இங்கே தியென்நாவ். தியென் மின்சாரம், நாவ் மூளை. மின்மூளை. சீன மொழியில் இது தனியாக வந்த சொல் இல்லை, ஒரு பெரிய குடும்பம். டெலிபோன் மின்பேச்சு, சினிமா மின்நிழல், டிவி மின்பார்வை, லிப்ட் மின் ஏணி. நான் வந்த புதிதில் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டதும் ஐந்து சொல் கூடவே வந்தன. புதுச்சொல் உருவாக்குவது பற்றி யார் பேசினாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஒற்றைச் சொல்லாக வைத்தால் அநாதையாக நிற்கும், வரிசையாக வைத்தால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும்.

சீன நிலப்பரப்பில் பேச்சில் தியென்நாவ் சொல்வார்கள், ஆனால் பாடப்பிரிவு, புத்தகம் என்று வந்தால் ஜிசுவான்ஜி, கணக்கிடும் இயந்திரம். இதே ஜிசுவான்ஜி இங்கே தைவானில் கையடக்கக் கால்குலேட்டர்! முதல் மாதம் பெய்ஜிங் மாணவர் ஒருவர் தன் படிப்பு ஜிசுவான்ஜி என்று சொன்னபோது, எனக்கு இங்கே கற்றுத்தந்தபடி கால்குலேட்டர் பற்றி என்ன ஆராய்ச்சி என்று புரியாமல் முழித்தேன். நியூசிலாந்தின் மவோரி மொழியில் ரோரோஹிகோ, ரோரோ மூளை, ஹிகோ மின்சாரம். சீனத்தில் இருப்பதும் அதேதான்.

துருக்கி இன்னும் வரவில்லையே. பில்கிசயார். பில்கி அறிவு, சயார் எண்ணுவது. அய்தின் கொக்சால் 1969இல் வைத்தார். துருக்கிக்கு முதல் கம்ப்யூட்டர் 1960இல், நெடுஞ்சாலைத் துறைக்கு வந்தது. இடையில் அங்கேயும் மின்மூளை என்ற பொருளில் ஒரு சொல் ஓடியது, பில்கிசயார் வந்ததும் அது போய்விட்டது. அவர் அதோடு விடவில்லை, சாப்ட்வேருக்கு யாஸிலிம், ஹார்ட்வேருக்கு தொனானிம் என்று வரிசையாகக் கொண்டுவந்தார், எல்லாம் இன்று தெருவில் புழங்குகிறது.

பழைய_ஏடு எழுதியது:

தம்பிகள் எல்லாரும் மற்ற மொழிகளைப் பார்த்துவிட்டீர்கள், ஆங்கிலத்தையும் ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டர் என்பது முன்னூறு வருஷத்துக்கு மேல் மனிதரைக் குறித்த சொல். கணக்குப் போடுகிற வேலையில் இருக்கும் ஆள். 1802இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய நில அளவைப் பணி வடக்கே போகப் போக, அளந்து வந்த எண்களைச் சரிபார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1831இல் அதில் சேர்ந்த வங்காள இளைஞர் ராதாநாத் சிக்தாருடைய பதவியின் பெயரே கம்ப்யூட்டர். பிற்பாடு தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார். பதினைந்தாம் சிகரம் என்று குறித்துவைத்திருந்த மலைதான் எல்லாவற்றையும்விட உயரம் என்று 1852இல் கணக்குப் போட்டுக் கண்டவர் அவர்தான். 29,002 அடி என்று 1856இல் வெளியிட்டார்கள், எவரெஸ்ட் என்ற பெயர் பிறகு வைத்தது. அமெரிக்காவில் நாசாவில் காத்தரின் ஜான்சன், டாரத்தி வான் போன்ற பெண்களையும் கம்ப்யூட்டர் என்றுதான் அழைத்தார்கள்.

ஆக ஆங்கிலேயர்களும் புதுச்சொல் தேடி எங்கும் போகவில்லை, கணக்குப்பிள்ளையின் பெயரை எடுத்து இயந்திரத்துக்கு வைத்துவிட்டார்கள். உங்கள் மாணவி அதை ஆதிச்சொல் போலவும் கணினியை நகல் போலவும் நினைத்திருக்கலாம். இரண்டுமே கணக்குக்காரன் வீட்டிலிருந்து வந்தவைதான் என்று சொல்லிக்கொடுங்கள்.

வடலூர்_வாத்தியார் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை சிக்தாரில் ஆரம்பிக்கப் போகிறேன், அப்புறம் ஐஸ்லாந்து, அப்புறம் மின்நிழல் மின்பேச்சு வரிசை. ஜித்தா நண்பர் சொன்ன ரஷ்யாவையும் விடமாட்டேன், கேள்வி கேட்ட பிள்ளைக்கு அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவர்களையே வீட்டில் இருக்கும் ஐந்து மின்சாதனங்களுக்குச் சீனர்கள் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு வரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவள் அடுத்துக் கேட்கப்போவது மவுஸ் பற்றித்தான், எனக்குத் தெரியும். அதற்கு ஏதாவது?

தைபே_மாணவன் எழுதியது:

ஐயா, அதில் பெரும்பாலானவர்கள் எலியையே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் எலி, ஸ்பெயினில் எலி, பின்லாந்தில் எலி. இத்தாலிக்காரர் ஆங்கிலத்தையே அப்படியே சொல்கிறார்கள். தைவானில் சறுக்கும் எலி, சீனாவில் குறிகாட்டும் எலி. நாம் சுட்டி என்று எலியை விட்டுவிட்டோம். வகுப்பில் என்ன பெயர்கள் வந்தன என்று செவ்வாய்க்கிழமை இங்கே வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.